லீகல் கவர் போடலாமா, வேண்டாமா? – வாசகர் கேள்வி பதில்

லீகல் கவர், அதாவது பாலிசிகளில் 'லீகல் எக்ஸ்பென்ஸஸ்' என்று வரும், வக்கீல் செலவை ஏற்கும் கூடுதல் இன்ஷூரன்ஸ், அது சம்பந்தமாக வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். எல்லாம் பிரிட்டன் வாசகர்களுடையவை. நான் சொல்லும் சட்ட விவரங்கள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை, ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் தொகைகளையும் கால வரம்புகளையும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஹாரோ வாசகி): கார், வீடு இரண்டு பாலிசியும் ஒரே மாதத்தில் ரினியூவல் வருகிறது. இரண்டிலும் 'லீகல் எக்ஸ்பென்ஸஸ்' என்று தனி வரி போட்டு, காருக்கு 29 பவுண்டு, வீட்டுக்கு 26 பவுண்டு கேட்கிறார்கள். "போட்டு வை, இந்த ஊரில் வக்கீல் செலவு தாங்காது" என்கிறார் கணவர். "சும்மா காசு பிடுங்குகிறார்கள் அக்கா" என்கிறான் என் தம்பி. யார் சொல்வது சரி?

பதில்: வீட்டு பாலிசியைப் பொறுத்தவரை உங்கள் கணவர் சொல்வது சரி. கார் பாலிசியில் தம்பி சொல்வதில் முக்கால்வாசி நியாயம் இருக்கிறது.

காரை முதலில் முடித்துவிடுவோம். நாம் யாரையாவது இடித்துவிட்டு அவர்கள் கேஸ் போட்டால் இந்தக் கவர் காப்பாற்றும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வேலை உங்கள் கார் இன்ஷூரன்ஸுக்கே உரியது, அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்தை மட்டும் ஏற்கும் தேர்ட் பார்ட்டி பாலிசியில்கூட அது உண்டு. எதிராளிக்கு நஷ்ட ஈடு கொடுப்பது, தேவைப்பட்டால் வக்கீல் வைத்து வாதாடுவது எல்லாம் அவர்கள் பாடு. லீகல் கவர் இருப்பது மறுபக்கத்துக்கு. தப்பு அடுத்தவருடையது, ஆனால் உங்கள் பாலிசி தராத நஷ்டம் உங்களுக்கு ஆகியிருக்கிறது என்றால் அதை அவரிடமிருந்து வசூலித்துத் தர. எக்ஸஸ் தொகை (கிளைம் செய்யும்போது நம் கையிலிருந்து கட்டும் பங்கு), வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம், கார் கராஜில் கிடந்தபோது கொடுத்த டாக்சிக் காசு, பின்சீட்டில் நொறுங்கிப்போன லேப்டாப், உடம்பில் அடிபட்டிருந்தால் அதற்கான ஈடு, இவ்வளவுதான். தப்பு உங்களுடையது என்று ஆகிவிட்டால் அந்த 29 பவுண்டால் பெரிதாக ஒரு பயனும் இல்லை. சில பாலிசிகளில் போக்குவரத்துக் குற்றச்சாட்டுக்கு எதிராக வாதாடும் செலவும் வரும், ஆனால் பார்க்கிங் டிக்கெட், குடித்துவிட்டு ஓட்டியது போன்றவற்றைப் பெரும்பாலும் முன்கூட்டியே விலக்கி வைத்திருப்பார்கள்.

இன்னொரு விஷயம், இது நோ கிளைம்ஸ் போனஸை (கிளைம் செய்யாத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியை) காப்பாற்றும் கவர் இல்லை. அது தனி.

அப்படியானால் கார் கவர் வீணா என்றால், 2021-க்கு முன்பு கேட்டிருந்தால் கிட்டத்தட்ட ஆமாம் என்றே சொல்லியிருப்பேன். அந்த வருடம் மே 31 முதல் விதி மாறியது. சாலை விபத்தில் பட்ட காயத்துக்கான ஈடு 5,000 பவுண்டுக்கு உட்பட்டது என்றால் (முன்பு இந்த வரம்பு 1,000) அது சிறு கோரிக்கை (ஸ்மால் கிளைம்ஸ், சின்னத் தொகைகளுக்கான எளிய கோர்ட் முறை) வகையில் போய்விடுகிறது, அங்கே நீங்கள் ஜெயித்தாலும் வக்கீல் கட்டணம் எதிராளியிடமிருந்து கிடைக்காது. கழுத்துப் பிடிப்பு, அதுதான் விப்லாஷ், அதற்கு நிர்ணயிக்கப்பட்ட தொகைப் பட்டியலும் வந்துவிட்டது. 2025 மே 31 முதல் நடந்த விபத்தில், 3 மாதத்துக்குள் சரியாகிவிடும் வலி என்றால் 275 பவுண்டு. இந்தத் தொகைக்காக எந்த சொலிசிட்டர் மெனக்கெடுவார்? 'நோ வின் நோ ஃபீ' (ஜெயித்தால்தான் கட்டணம்) என்று வருகிறவர்கள் ஈட்டிலிருந்து 25% வரை எடுத்துக்கொள்ளலாம். லீகல் கவர் இருந்தால் அந்தப் பங்கைக் கொடுக்காமல் தப்பிக்கலாம், அரசுக்காக நடத்தப்படும் 'அஃபிஷியல் இஞ்சுரி கிளைம்' தளத்தில் உங்களுக்காக வேறு ஒருவர் உட்கார்ந்து விண்ணப்பிப்பார். ஆனால் சில பாலிசிகள் இப்படிப்பட்ட சின்னக் கோரிக்கைகளை ஏற்பதே இல்லை. போனில் இந்த ஒரு கேள்வியை நேராகக் கேளுங்கள்: "சிறு கோரிக்கை வரம்புக்குள் வரும் காயத்துக்கு வக்கீல் தருவீர்களா, என் ஈட்டில் அவர் பிடித்தம் செய்வாரா?" பதிலில் தடுமாறினால் 29 பவுண்டை மிச்சம் பிடியுங்கள்.

எக்ஸஸ் 500, 600 என்று இருப்பவர்கள், வீட்டில் புதிதாக ஓட்டப் பழகிய பிள்ளை இருப்பவர்கள், ஒரு வாரம் வேலைக்குப் போகாவிட்டால் வருமானமே நின்றுவிடும் சுயதொழில்காரர்கள் காருக்கும் போடலாம். மினிகேப், டெலிவரி ஓட்டுபவர்கள் மட்டும் வணிக உபயோகத்துக்கு இது பொருந்துமா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். 200 பவுண்டு எக்ஸஸும் மாதச் சம்பளமும் இருக்கிற ஆட்களுக்கு, போனால் போகட்டும் ரகம்.

இப்போது வீடு. இங்கேதான் விஷயம் கனமானது, ஏனென்றால் பெயரில் வீடு இருந்தாலும் உள்ளே இருப்பது வீட்டைப் பற்றியது மட்டும் அல்ல. உங்களுடன் ஒரே வீட்டில் வசிக்கும் குடும்பத்தினர் எல்லோருக்குமான ஒரு பொதுச் சட்டக் காப்பீடு அது. வேலையிடத் தகராறு, வாங்கிய பொருளிலோ சேவையிலோ ஏமாந்தது, ரோட்டில் விழுந்து அடிபட்டது, பக்கத்து வீட்டுக்காரரின் தொல்லை, வருமான வரி அலுவலகம் கணக்கைக் குடைவது என்று பட்டியல் நீளும். வரம்பு பொதுவாக ஒரு வழக்குக்கு 50,000 அல்லது 100,000 பவுண்டு.

இவற்றில் நான் காசு கொடுத்து வாங்குவது வேலையிடத் தகராறுக்காகத்தான். வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட இப்போது கட்டணம் கிடையாது, உச்ச நீதிமன்றம் 2017-இல் அதை ரத்து செய்துவிட்டது. ஆனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு, ஜெயித்தவர் தோற்றவர் யாராக இருந்தாலும் அவரவர் வக்கீல் செலவு அவரவருக்கே. அதாவது நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருந்து, ஜெயித்து, ஈடும் கிடைத்து, அதில் பெரும்பகுதி சொலிசிட்டர் பில்லுக்குப் போய்விடலாம். எதிரில் உட்கார்ந்திருக்கும் கம்பெனிக்கு அந்தக் கவலை இல்லை. 2013-இல் சட்ட உதவி வெட்டப்பட்ட பிறகு அரசிடமிருந்தும் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. அந்த இடத்தில் வருடம் 26 பவுண்டுக்கு ஒரு வக்கீல் வருகிறார் என்றால் அது மலிவு.

வருகிறார் என்றால், அதுதான் சிக்கல். பாலிசிப் புத்தகத்தின் நடுவில் 'நியாயமான வெற்றி வாய்ப்பு' என்று ஒரு வரி இருக்கும். அவர்கள் நியமிக்கும் வக்கீல் காகிதங்களைப் பார்த்துவிட்டு, ஜெயிக்க 51 சதவீதமாவது வாய்ப்பு இருக்கிறது என்று சொன்னால்தான் பணம் வெளியே வரும். பாதிக்குப் பாதி என்றால் இல்லை. நடுவழியில் வாய்ப்பு குறைந்துவிட்டது என்று தோன்றினாலும் நிறுத்திவிடுவார்கள். செலவு, கேட்கும் தொகைக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும், 700 பவுண்டு சோபாவுக்காக 6,000 பவுண்டுக்கு வக்கீல் வைக்க மாட்டார்கள். விவாகரத்து, குழந்தை யாரிடம் இருப்பது, அவதூறு, வாடகைக்கு விட்டிருக்கும் இரண்டாவது வீடு, சொந்தத் தொழிலின் கணக்கு வழக்கு, இவை பெரும்பாலும் பட்டியலுக்கு வெளியே. அப்புறம், அவர்கள் சம்மதிப்பதற்கு முன்பு நீங்களாக ஒரு சொலிசிட்டரைப் பார்த்துச் செலவு செய்திருந்தால் அந்த பில் உங்களுடையதே. இதில்தான் நம் ஆட்கள் அதிகம் மாட்டுகிறார்கள். முதலில் தெரிந்தவர் மூலம் ஒரு வக்கீல், பணம் தீர்ந்த பிறகுதான் பாலிசி ஞாபகம்.

இத்தனை ஓட்டை இருந்தும் ஏன் வாங்கு என்கிறேன்? ஒரு காரணம், பலருக்கு வழக்கே தேவைப்படாது, ஒரு சரியான கடிதம் போதும். இந்தக் கவருடன் ஒரு சட்ட ஆலோசனைத் தொலைபேசி எண் வரும், பெரும்பாலும் 24 மணி நேரமும். அதில் கூப்பிடுவதற்கு 51 சதவீதக் கணக்கெல்லாம் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை ஆபீஸில் ஒரு செட்டில்மென்ட் பேப்பரை (பணம் வாங்கிக்கொண்டு வழக்கு போடாமல் விலகும் ஒப்பந்தத்தை) நீட்டி திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போடு என்கிறார்கள், அந்தச் சனிக்கிழமை காலையில் போனை எடுத்து ஒரு சட்டம் தெரிந்தவரிடம் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க முடிகிறது. 26 பவுண்டில் பாதி அதற்கே சரியாகிவிடும்.

வாங்குவதற்கு முன் வீட்டில் ஏற்கனவே இருக்கிறதா என்று தேடுங்கள். சில வீட்டு பாலிசிகளில் இது தனிக் காசு இல்லாமலே சேர்ந்து வருகிறது. மாதக் கட்டணம் பிடிக்கும் வங்கிக் கணக்குகள் சிலவற்றிலும் உண்டு. என்.ஹெச்.எஸ், கவுன்சில், பள்ளிக்கூடம் என்று வேலை பார்த்து யூனியனில் உறுப்பினராக இருந்தால் வேலைத் தகராறை யூனியனே பார்க்கும், காயத்துக்கான வழக்குக்கும் பல யூனியன்கள் உதவும். உங்களில் ஒருவருக்கு யூனியன் இருந்து மற்றவருக்கு இல்லையென்றால் அந்த மற்றவருக்காக வீட்டுக் கவர் போடலாம். இரண்டு பேருக்கும் இருந்தால் தம்பி பக்கம் சாய்ந்துவிடுங்கள்.

இந்தக் கூடுதல் கவர்களை அவர்களாகவே டிக் செய்து வைத்து விற்பது 2016 ஏப்ரலிலிருந்து தடை. ஆனால் போன வருடம் நீங்கள் டிக் செய்தது இந்த வருட ரினியூவலில் தானாகவே தொடர்ந்து வரும், யாரும் மறுபடி கேட்க மாட்டார்கள். பிடிக்காவிட்டால் பாலிசி கையில் கிடைத்த 14 நாட்களுக்குள் நீக்கச் சொல்லலாம்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம் வாசகர்): ரவுண்டபவுட்டில் நின்றுகொண்டிருந்த என் காரைப் பின்னால் வந்தவர் இடித்துவிட்டார். அவர் தப்பு என்று அவரே ஒப்புக்கொண்டார். என் இன்ஷூரன்ஸ் மூலம் ரிப்பேர் செய்ததில் 400 பவுண்டு எக்ஸஸ் கட்டினேன். லீகல் கவர் இல்லாததால் அதை வாங்கித் தர முடியாது என்கிறார்கள். அந்த 400 அவ்வளவுதானா?

பதில்: இல்லை, நீங்களே வாங்கலாம். முதலில் உங்கள் இன்ஷூரன்ஸைக் கூப்பிட்டு, ரிப்பேர் பணத்தை எதிராளி கம்பெனியிடம் கேட்கும்போது எக்ஸஸையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். கட்டாயம் இல்லைதான், ஆனால் பணிவாகக் கேட்டால் சில பேர் செய்வார்கள். அவர்கள் கோர்ட்டுக்குப் போவதாக இருந்தால் உங்கள் 400-ஐயும் அதே வழக்கில் சேர்க்க வேண்டும், பிறகு தனியாகப் போட முடியாமல் போகலாம், அதனால் இந்த போன் அவசியம்.

மாட்டேன் என்றால், எதிராளியின் இன்ஷூரன்ஸுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். விபத்துத் தேதி, இடம், இரண்டு கார் நம்பர், அவர்களின் கிளைம் நம்பர், எக்ஸஸ் கட்டிய ரசீது, 14 நாட்களுக்குள் பணம் வராவிட்டால் கோர்ட்டுக்குப் போவேன் என்ற ஒரு வரி. இப்படித் தெளிவான விபத்தில் நிறையப் பேருக்கு இந்தக் கடிதத்திலேயே காசோலை வந்துவிடுகிறது. வராவிட்டால் ஆன்லைனில் சிறு கோரிக்கை வழக்கு, அந்த ஓட்டுநர் மேல் போடலாம். 400 பவுண்டுக்குக் கோர்ட் கட்டணம் 50, விசாரணை வரை போனால் இன்னும் 59, ஜெயித்தால் இரண்டும் திரும்பி வரும். பொருள் நஷ்டத்துக்கு 6 வருடம் வரை அவகாசம் இருக்கிறது, ஆனாலும் அவர் ஒப்புக்கொண்ட சூடு ஆறுவதற்குள் எழுதுங்கள். லீகல் கவர் இருந்திருந்தால் இதையே வேறு ஒருவர் செய்திருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி (லெஸ்டர் வாசகர்): வீட்டு பாலிசியில் லீகல் கவர் இருக்கிறது. ஐந்து வாரங்களுக்கு முன் என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். கிளைம் செய்தேன். மூன்று வாரம் இழுத்தடித்துவிட்டு 'வெற்றி வாய்ப்பு 51 சதவீதத்துக்குக் குறைவு' என்று ஒரு மின்னஞ்சல். இனி என்ன வழி?

பதில்: எல்லாவற்றுக்கும் முன்பு கடிகாரத்தைப் பாருங்கள். தீர்ப்பாயத்துக்குப் போவதற்கான காலம் நீக்கிய தேதியிலிருந்து 3 மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்பதுதான் நெடுங்கால விதி. இதை 6 மாதமாக்க 2025 வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தில் வழி செய்திருக்கிறார்கள், ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். இன்ஷூரன்ஸ்காரர் காகிதம் பார்த்துக்கொண்டிருந்த அந்த மூன்று வாரமும் உங்கள் கணக்கில்தான் கழிந்திருக்கிறது, அவர்கள் யோசிப்பதற்காக யாரும் கடிகாரத்தை நிறுத்தி வைப்பதில்லை. இன்றே வேலையிடத் தகராறுகளில் சமரசம் செய்யும் ஏகாஸ் (Acas) அமைப்பிடம் முன்சமரசத்துக்குப் பதிவு செய்யுங்கள். தீர்ப்பாயத்துக்குப் போவதற்கு முன் அது கட்டாயம், இலவசம், வக்கீல் தேவையில்லை, அந்தச் சமரசம் நடக்கும் நாட்களுக்கு மட்டும்தான் கடிகாரம் நிற்கும்.

அடுத்தது, அந்த வக்கீலின் கருத்தை எழுத்தில் முழுதாகக் கேளுங்கள். ஒற்றை வரி மின்னஞ்சலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். எந்த ஆவணங்களைப் பார்த்தார், எதைப் பலவீனம் என்கிறார் என்று இருக்க வேண்டும். அதைப் படித்தால், நீங்கள் அனுப்பாமல் விட்ட ஒரு காகிதத்தால்தான் மறுத்திருக்கிறார்கள் என்று தெரியவரலாம். நீக்கியதற்கான கடிதம், ஒழுங்கு விசாரணைக் குறிப்பு, அதே தப்புக்கு வேறொருவரை எச்சரித்து விட்டதற்கான மின்னஞ்சல், இப்படி ஏதாவது கையில் இருந்தால் கொடுத்து மறுபரிசீலனை கேளுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால், வேலைச் சட்டம் தெரிந்த ஒரு பாரிஸ்டரிடமோ சொலிசிட்டரிடமோ சொந்தச் செலவில் எழுத்துக் கருத்து வாங்கலாம். அவர் 51-க்கு மேல் என்று சொன்னால் இன்ஷூரன்ஸ் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது. அவர்கள் தரப்பு வக்கீலின் கருத்து காரணங்களோடு ஒழுங்காக எழுதப்பட்டிருந்து, எதிராக நம்மிடம் வேறு வக்கீல் கருத்து எதுவும் இல்லை என்றால் ஃபைனான்ஷியல் ஓம்பட்ஸ்மனும் (இன்ஷூரன்ஸ், வங்கிகள் மீதான புகார்களைத் தீர்க்கும் அமைப்பு) பொதுவாக அவர்கள் பக்கமே நிற்கும். 'எனக்கு அநியாயம் நடந்தது' என்று எழுதுவதால் அங்கே வேலைக்காகாது, இன்னொரு வக்கீலின் கையெழுத்துதான் பேசும். தாமதம் செய்தார்கள், ஆவணத்தைப் பார்க்கவே இல்லை என்பதெல்லாம் வேறு, அது சேவைக் குறை, அதற்குத் தனியாகப் புகார் கொடுக்கலாம். முதலில் கம்பெனிக்கே புகார், 8 வாரத்தில் பதில் வராவிட்டாலோ வந்த இறுதிப் பதில் பிடிக்காவிட்டாலோ ஓம்பட்ஸ்மன், இறுதிப் பதில் வந்த 6 மாதத்துக்குள். நமக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இந்தப் புகார் முடியும்வரை தீர்ப்பாயம் காத்திருக்காது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள்.

கடைசி வழி, நோ வின் நோ ஃபீ. வேலை வழக்கில் ஈட்டிலிருந்து பங்கு எடுப்பதாக ஒப்பந்தம் போடுபவர்கள் அதிகபட்சம் 35% எடுக்கலாம், அது வாட் வரியும் சேர்ந்த கணக்கு. அவர்களும் வாய்ப்பு பார்த்துத்தான் எடுப்பார்கள். மூன்று பேரிடம் காட்டி மூன்று பேரும் கையை விரித்தால், 51 சதவீதம் இல்லை என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி (மில்டன் கீன்ஸ் வாசகி): விபத்து நடந்து மறுநாளே ஒரு கம்பெனியிலிருந்து போன். தப்பு என்னுடையது இல்லாததால் என் காரைவிடப் பெரிய கார் ஒன்றை இலவசமாகத் தருகிறார்களாம், வக்கீலும் இலவசமாம். அப்படியானால் லீகல் கவர் எதற்கு?

பதில்: அந்தக் கார் இலவசம் இல்லை, கடன். தின வாடகையை எழுதிவைத்து, பிறகு எதிராளியின் இன்ஷூரன்ஸிடமிருந்து வசூலிப்பதுதான் அவர்கள் தொழில், அந்த வாடகை சாதாரண வாடகைக் கடையில் கேட்பதைவிட நன்றாகவே தூக்கலாக இருக்கும். கையெழுத்துப் போடுவது நீங்கள், ஒப்பந்தப்படி கடன்பட்டவரும் நீங்களே. எதிராளி கம்பெனி "இவ்வளவு பெரிய கார் எதற்கு, ஆறு வாரம் எதற்கு" என்று சண்டைக்கு நின்றால் வழக்கு உங்கள் பெயரில் நடக்கும், சாட்சிக் கூண்டில் நிற்பதும் நீங்களாக இருக்கலாம். பாலிசியிலேயே கர்ட்டஸி கார் (ரிப்பேர் சமயத்தில் இன்ஷூரன்ஸ் தரும் மாற்றுக் கார்) இருந்தால் அதை எடுங்கள். எதிராளியின் இன்ஷூரன்ஸே நேரடியாக ஒரு கார் தர முன்வந்தால் அதையும் உதறிவிடாதீர்கள். கட்டாயம் கடன் கார்தான் என்றால் உங்கள் அளவுக்கு உள்ள காரை, ரிப்பேர் முடியும் நாள் வரைக்கும் மட்டும் எடுங்கள். கையெழுத்துக்கு முன், பணம் வசூலாகாவிட்டால் என்னிடம் கேட்க மாட்டீர்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி (குரோய்டன் வாசகர்): பக்கத்து வீட்டுக்காரர் வேலியை எங்கள் பக்கம் ஒன்றரை அடி தள்ளிப் போட்டுவிட்டார், ஆறு மாதமாகத் தகராறு. இப்போது லீகல் கவர் வாங்கினால் செல்லுமா?

பதில்: செல்லாது. பாலிசி தொடங்குவதற்கு முன்பே ஆரம்பித்த தகராறை யாரும் ஏற்க மாட்டார்கள். தகராறே இல்லை என்று மறைத்து வாங்கினால், நீங்கள் அவருக்கு அனுப்பிய முதல் வாட்ஸ்அப் செய்தியின் தேதியே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். எல்லைத் தகராறை முழுதாகவே விலக்கி வைக்கும் பாலிசிகளும் உண்டு. கோர்ட்டுக்குப் போனால் அந்த ஒன்றரை அடி நிலத்தின் விலையைப் போல் பல மடங்கு செலவாகும், அதனால் இருவரும் பாதிப் பாதி கட்டணம் போட்டு ஒரு சர்வேயரையோ மத்தியஸ்தரையோ கூப்பிடப் பாருங்கள்.

கேள்வி (வெம்பிளி வாசகி): லீகல் கவர் மூலம் கிடைக்கும் வக்கீலுக்குப் பதில் எங்களுக்குத் தெரிந்த தமிழ் சொலிசிட்டரை வைத்துக்கொள்ளலாமா? அம்மாவுக்கு ஆங்கிலத்தில் பேச வராது.

பதில்: தொடக்கத்தில் முடியாது, கோர்ட்டுக்குப் போவது என்று ஆனபிறகு முடியும். வழக்கு தொடுக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டால் வக்கீலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பாலிசிதாரருக்கு என்று 1990-ஆம் ஆண்டு ஒழுங்குவிதியிலேயே இருக்கிறது. அதற்கு முன்புள்ள கடிதப் போக்குவரத்துக் கட்டத்தில் தங்கள் பட்டியலில் உள்ளவரைத்தான் தருவார்கள். உங்கள் ஆள் வந்தாலும் தங்கள் வழக்கமான மணிக்கட்டணத்துக்கு மேல் கொடுக்க மாட்டார்கள், மிச்சம் உங்கள் கையிலிருந்து. அதனால் அந்த சொலிசிட்டரிடம் "இன்ஷூரன்ஸ் கொடுக்கும் கட்டணத்துக்குச் செய்வீர்களா" என்று முன்பே கேட்டுவிடுங்கள், சிலர் ஒத்துக்கொள்வார்கள். அதுவரைக்கும் அம்மாவுக்காக ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் போனிலேயே சொல்லி, அதைக் குறித்துக்கொண்டார்களா என்று கேட்டு, பேசியவரின் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள்.